மரம் வெட்டாமல் காகிதம் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவசாயிகளிடம் மர வளர்ப்பு பற்றியும், பள்ளிப் பிள்ளைகளிடம் காகிதம் பற்றியும் பேசப் போகும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலையும் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

சார், எங்க நோட்டுப் புத்தகத்துக்காகக் காட்டை அழிக்கிறாங்களா?

இன்றைய இந்தியாவில் பெரும்பாலும் இல்லை. இங்கே தயாராகும் காகிதத்தில் பாதிக்கு மேல் பழைய காகிதத்திலிருந்தே வருகிறது. இன்னொரு பங்கு கரும்புச் சக்கை, வைக்கோல் போன்றவற்றிலிருந்து. மரத்திலிருந்து வருவது இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் பங்குதான். அந்த மரத்திலும் பெரும்பகுதி பட்டா நிலத்தில் விவசாயிகள் வளர்த்து விற்பது. தமிழ்நாட்டில் அது சவுக்கு, தைல மரம் என்கிற யூகலிப்டஸ், சவுண்டல், அண்மைக் காலமாக மலைவேம்பு.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. சுதந்திரத்துக்குப் பின் தொடங்கிய பல ஆலைகள் அரசுக் காட்டு மூங்கிலையும் மரத்தையும் மிக மலிவான விலைக்கு வாங்கித்தான் வளர்ந்தன. 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கைதான் இதைத் திருப்பியது. மரம் வேண்டும் ஆலைகள் காட்டை நம்பக் கூடாது, விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்து, கன்றும் கடனும் தொழில்நுட்பமும் கொடுத்து வளர்க்கச் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. ஆலைகள் நாற்றுப் பண்ணைகளோடு ஊர் ஊராக வந்ததற்குப் பின்னணி இதுதான்.

அப்போ மரம் வெட்டுறது தப்பே இல்லைன்னு சொல்றீங்களா?

எந்த மண்ணில் நிற்கும் எந்த மரம் என்பதைப் பொறுத்தது. சவுக்குத் தோப்பை வெட்டுவது கரும்பு வெட்டுவதைப் போன்றது. விதைத்ததே வெட்டுவதற்காக. ஒருவர் வெட்டினால் அடுத்த பருவத்தில் மறுபடி நடுவார், விலை நன்றாக இருந்தால் பக்கத்து வயல்காரரும் நடுவார். காகிதம் வாங்குவது நின்றுபோனால் அந்தத் தோப்பு காடாக மாறாது. வேறு பயிராகவோ வீட்டு மனையாகவோ மாறும்.

காடு வேறு. அங்கே ஒரு மரத்தை எடுத்தால் அதன் நிழலில் இருந்தவை, அதில் கூடு கட்டியவை, அதன் விதையில் முளைக்கவிருந்தவை எல்லாம் சேர்ந்துதான் போகும். அதனால் "மரம் வெட்டாதே" என்று பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சொல்வதைவிட, இந்த மரம் எங்கிருந்து வந்தது, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, இனி என்ன வரும் என்று கேட்கப் பழக்குவதே சரி என்பது என் கருத்து.

ஒரு டன் பேப்பருக்கு 17 மரம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கே, உண்மையா?

மரங்களின் எண்ணிக்கையில் காகிதத்தை அளக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் 500 கொண்ட ஒரு ரீம் இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீர். காய்ந்த மரத்திலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காகிதக் கூழாகிறது. மறுபுறம், தாளில் சுண்ணாம்புப் பொடி போன்ற நிரப்பிகளும் இருக்கின்றன. எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு ரீமுக்கு ஏறத்தாழ 8 கிலோ பச்சைக் கட்டை, ஒரு டன் காகிதத்துக்கு ஏறத்தாழ 3.4 டன்.

இப்போது மரத்துக்கு வருவோம். மீட்டருக்கு மீட்டர் இடைவெளியில் நட்ட சவுக்கு ஏக்கருக்கு 4,000 மரம். அது 40 டன் கொடுத்தால் ஒரு மரம் 10 கிலோ. அப்படியானால் ஒரு டன் காகிதத்துக்கு 340 சவுக்கு மரம் வேண்டும்! அதே கட்டையை 200 கிலோ எடையுள்ள பெரிய மரங்களிலிருந்து எடுத்தால் 17 போதும். இரண்டு கணக்கும் சரிதான், இரண்டாலும் பயனில்லை. எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டு, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

கட்டை எப்படி சார் வெள்ளைத் தாளா மாறுது?

மரம் என்பது நார்களும் அவற்றை ஒட்டிவைக்கும் லிக்னின் என்கிற பசையும். நாரை முறிக்காமல் பசையை மட்டும் கரைத்தெடுப்பதுதான் கூழ் தயாரிப்பு. பட்டை உரித்த கட்டையை விரல்நுனி அளவுச் சில்லுகளாக வெட்டுவார்கள். சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலோடு பெரிய கொப்பரைகளில் அடைத்து, அழுத்தத்தில் 160, 170 டிகிரி சூட்டில் வேக வைப்பார்கள். லிக்னின் கரைந்து கருப்புத் திரவமாக வெளியேறும், பழுப்பு நிறக் கூழ் மிஞ்சும். அதை அலசி, வெளுத்து, நிறையத் தண்ணீரில் கலக்கி, ஓடும் கம்பிவலை மேல் ஊற்றினால் தண்ணீர் வடிந்து நார் படலமாகப் படியும். அழுத்தி உலர்த்தினால் தாள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கருப்புத் திரவம். அதைக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்தால் லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். அடியில் தங்கும் உப்பைச் சுண்ணாம்போடு சேர்த்து மறுபடி காஸ்டிக் சோடா ஆக்கிவிடலாம். நல்ல ஆலையில் ரசாயனத்தின் மிகப் பெரும்பகுதி இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். இந்த மீட்பு வசதி இல்லாத ஆலை அந்தத் திரவத்தை ஆற்றிலோ ஓடையிலோ விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். ஒரு காகித ஆலை நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் முதலில் கேட்பது கருப்புத் திரவம் எங்கே போகிறது என்பதுதான்.

ஆலைப் பக்கம் போனா அழுகின முட்டை நாத்தம் வருதே, அது குளோரினா?

இல்லை. வேக வைக்கும்போது சோடியம் சல்பைடிலிருந்தும் லிக்னினிலிருந்தும் உண்டாகும் கந்தக வாயுக்கள் அவை. ஹைட்ரஜன் சல்பைடும் மெர்காப்டன் வகை வாயுக்களும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். அவற்றைக் குழாய் வழியே சேகரித்து எரித்துவிடும் முறை இருக்கிறது. நாற்றம் ஊருக்குள் நாள்கணக்கில் நின்றால் சேகரிப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதில் தயக்கம் வேண்டாம்.

பளீர் வெள்ளைத் தாளுக்குப் பதிலா பழுப்புத் தாள் வாங்கினா நல்லதா?

ஓரளவுக்கு. வெளுப்பதற்கு முன்பு குளோரின் வாயுவையே பயன்படுத்தினார்கள். அது லிக்னினோடு சேர்ந்து டயாக்சின் உள்ளிட்ட நச்சுகளை உண்டாக்குகிறது என்பது 1980-களில் தெரிந்தது. இப்போது பெரிய ஆலைகள் முதலில் ஆக்சிஜனால் லிக்னினைக் குறைத்துவிட்டு, பிறகு குளோரின் டையாக்சைடால் வெளுக்கின்றன. நச்சு பெருமளவு குறைந்திருக்கிறது, முற்றாக ஒழியவில்லை. பெராக்சைடும் ஓசோனும் மட்டும் கொண்டு வெளுக்கும் முறையும் உண்டு. இந்தியாவில் 2003-இல் ஆலைகளுக்கென்று வந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சாசனம், கழிவுநீரில் சேரும் குளோரின் கரிமச் சேர்மங்களை ஒரு டன் காகிதத்துக்கு ஒன்றரை கிலோவாகவும், பிறகு ஒரு கிலோவாகவும் குறைக்கச் சொன்னது.

பொட்டலம், உறை, அட்டைப்பெட்டிக்கு வெளுக்காத பழுப்புத் தாளே போதும், அதுதான் உறுதியும் கூட. ஆனால் கடையில் பழுப்பாகத் தெரிவதெல்லாம் வெளுக்காத கூழ் அல்ல. சாயம் போட்டுப் பழுப்பாக்கிய தாளும் விற்கிறது.

ஏனுங்க, சவுக்கு எத்தனை வருசத்துல வெட்டலாமுங்க? வெட்டுன கட்டையில திரும்பத் தழையுமா?

பாசனம் இருந்தால் மூன்று, நான்கு ஆண்டு. மானாவாரியில் ஐந்து வரை போகும். நாட்டுச் சவுக்கு வெட்டிய கட்டையிலிருந்து ஒழுங்காகத் துளிர்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதுக் கன்று நட வேண்டும். அதன் நல்ல குணம் வேரில் இருக்கிறது. பிராங்கியா என்கிற நுண்ணுயிர் வேர் முடிச்சுகளில் தங்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. உதிரும் ஊசிச் சருகை வாரி எடுக்காமல் விட்டால் மணல் மண்கூடத் தேறும்.

தைல மரம் துளிர்க்கும். ஒரு நடவில் இரண்டு, மூன்று மறுதாம்பு எடுக்கலாம். அதற்கு வெட்டும் விதம் முக்கியம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், ரம்பத்தால், லேசான சாய்வாக வெட்டுங்கள். கோடரியால் தாறுமாறாக வெட்டினால் பட்டை பிளந்து கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகும். துளிர் பல வந்தாலும் நல்லதாக ஒன்று இரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். கன்றுக்குக் கோவை வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் வெளியிட்ட ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: குறைந்தபட்ச விலை எழுதியிருக்கிறதா, வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யாருடையது, எடை எந்த எடைமேடையில் போடப்படும். கட்டை நாளாக ஆகக் காய்ந்து எடை குறையும். வெட்டிய பிறகு வண்டி வர ஒரு வாரம் தாமதமானால் நட்டம் உங்கள் தலையில்தான் விழும். நிற்கிற மரத்தை உத்தேசமாக விலை பேசி விற்பதைவிட எடைச்சீட்டுப் பார்த்து விற்பது நல்லது.

தேக்கு, ஈட்டி, சந்தனம் நிற்கும் நிலமானால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு விதிகள் தனி. வெட்டுவதற்கு முன்பே வனத்துறையிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.

பட்டையை வயல்லயே உரிக்கச் சொல்றாங்க. ஆள் கூலி அதிகமாகுதே?

ஆகும்தான். ஆனாலும் வயலில் உரிப்பதே நிலத்துக்கு நல்லது. மரத்தின் எடையில் பட்டையும் இலையும் சிறு பங்குதான், சத்தோ அவற்றில்தான் அதிகம். பட்டையில் சுண்ணாம்புச்சத்து, இலையில் தழைச்சத்து. கட்டை மட்டும் வெளியே போனால் மண் இழப்பது குறைவு. தைல மரப் பட்டை வெட்டிய அன்றே உரித்தால் நீள நீளமாகக் கையோடு வரும். ஓரிரு நாள் கிடந்தால் ஒட்டிக்கொண்டு கத்தி வேண்டியிருக்கும், கூலியும் ஏறும். உரித்ததைக் குவித்து எரிக்காமல் வரிசைக்கு நடுவே பரப்பிவிடுங்கள். வேரோடு கல்லி எடுத்து விறகுக்கு விற்பதும், சருகைக் கூட்டி எடுப்பதும் தொடர்ந்து நடந்தால் மூன்றாவது நடவிலேயே விளைச்சல் குறைவது தெரியும்.

தைல மரம் நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு சொல்றாங்க. நிசமா, புரளியா?

புரளி அல்ல. அதே சமயம் எல்லா இடத்துக்கும் ஒரே பதிலும் இல்லை. கர்நாடகத்தின் வறண்ட பகுதிகளில் நீண்ட ஆய்வு நடந்தது. மண் ஆழமாக இருந்த இடத்தில் இளம் தைல மரம் சில ஆண்டுகளிலேயே பல மீட்டர் ஆழத்துக்கு வேர்விட்டு, அந்த ஆண்டு பெய்த மழையைவிட அதிகமான தண்ணீரை, அதாவது முன்பு சேர்ந்திருந்த ஈரத்தையும் எடுத்தது. மண் ஆழம் குறைந்த இடத்தில் அந்த அளவுக்கு எடுக்க முடியவில்லை. ஏனென்றால் எடுக்க அங்கே ஒன்றுமில்லை. கர்நாடக அரசு 2017-இல் புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடையே போட்டது.

தமிழ்நாட்டின் மேற்கில் மழை அதிகமான இடங்களில் பிரச்சினை குறைவு. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டங்களில் கண்மாய்க்கு நீர் வரும் பிடிப்புப் பகுதி முழுக்கத் தைல மரம் நிரப்புவது கண்மாயின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். அந்த ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள் என்றால் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். தனி விவசாயி தன் வரப்போரத்தில் இரண்டு வரிசை வைப்பதையும், நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே மரமாக நிற்பதையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

கரும்புச் சக்கையில பேப்பர் பண்ணிட்டா மரமே வேண்டாமே?

தமிழ்நாடு இதில் முன்னோடி. கரூர் மாவட்டம் புகழூர் பக்கம் காகிதபுரத்தில் உள்ள அரசின் செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தொடங்கப்பட்டு, கரும்புச் சக்கையையே முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. சக்கையில் நாரோடு சோறு போன்ற மென்பகுதி கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதியை ஈரமாக மலைபோல் குவித்துச் சேமித்து, ஆண்டு முழுவதும் எடுத்துக் கூழாக்குகிறார்கள். சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் எடுத்துச் சுண்ணாம்புச் சூளையில் எரிப்பதும் நடக்கிறது. சுத்திகரித்த நீர் சுற்றியுள்ள நிலங்களில் பாசனத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட பாசனத்தில் உப்பு மண்ணில் தங்கும் அபாயம் எங்குமே உண்டு, ஆகவே அந்தந்த நிலத்தின் மண்ணையும் கிணற்று நீரையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.

ஆனால் சக்கை இலவசக் குப்பை அல்ல. சர்க்கரை ஆலை அதைத்தான் தன் கொதிகலனில் எரிக்கிறது. காகித ஆலை சக்கையை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு நிலக்கரி போன்ற எரிபொருளைக் கொடுக்க வேண்டும், அப்படித்தான் கொடுக்கிறார்கள். மரத்தை மிச்சப்படுத்தியதன் விலை வேறொரு புகைபோக்கியில் தெரியும். கரும்புக்கும் தண்ணீர் கொஞ்சமல்ல. மழை பொய்த்த ஆண்டில் கரும்புப் பரப்பு சுருங்கினால் சக்கையும் சுருங்கும், ஆலை சவுக்குக்கும் தைல மரத்துக்கும்தான் திரும்பும்.

வைக்கோலும் காகிதமாகும். அதில் உள்ள சிலிக்கா என்கிற மணல்பொருள், மேலே சொன்ன கருப்புத் திரவத்தை மீட்கும் கருவிகளில் படிந்து அடைத்துவிடும். அதனால் சின்ன ஆலைகள் பல மீட்பு வசதியே இல்லாமல் ஓடின, கழிவு ஆற்றுக்குப் போனது. "மரமில்லாக் காகிதம்" என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே அது சுத்தமானது என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையிலேயே மரத்தைத் தொடாத, நல்ல வகை ஒன்று உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பருத்திக் கழிவுத் துணியிலிருந்து செய்யும் கைவினைக் காகிதம். புதுச்சேரியில் செய்யும் தாள்கள் பேர்பெற்றவை. அளவு சிறியது, விலை கூட. அழைப்பிதழுக்கு வாங்கலாம், பாடப்புத்தகத்துக்கு முடியாது.

பழைய பேப்பர் கடைக்குப் போடுறதையே திரும்பத் திரும்பப் பண்ணினா போதாதா?

போதாது, ஆனால் அதுதான் முதல் வழி. நார் ஒவ்வொரு சுற்றிலும் உடைந்து குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்குப் பிறகு வலையில் தங்காமல் தண்ணீரோடு போய்விடும். நம் ஊர் மரங்களின் நார் முதலிலேயே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அதனால் எங்காவது ஓரிடத்தில் புது நார் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு, புத்தகமாக அலமாரியில் தங்குவதும், கழிவறைத் தாளாகக் கரைந்துபோவதும் திரும்பி வராது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நனையாமல் வைத்திருங்கள். உணவு ஒட்டிய தாள், பிளாஸ்டிக் பூசிய தாள், கடை பில் வரும் வழவழப்பான வெப்பத்தாள் இவற்றைக் கலக்காதீர்கள். எழுதிய நோட்டையும் அட்டைப்பெட்டியையும் தனித்தனியாகப் போட்டால் கடைக்காரருக்கும் கூடுதல் விலை கிடைக்கும்.

பேப்பர் கப் பிளாஸ்டிக்கைவிட நல்லதுதானே?

உள்ளே பாலித்தீன் பூச்சு இருப்பதால்தான் டீ ஒழுகுவதில்லை. அந்தப் பூச்சு சாதாரண மறுசுழற்சி ஆலையில் பிரியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அடக்கம். கண்ணாடிக் கிளாஸோ எவர்சில்வரோ இருக்கும் டீக்கடைக்குப் போங்கள்.

காட்டு மரத்தை எடுத்தும் காடு கெடாம இருக்க முடியுமா? பர்மா தேக்கெல்லாம் அப்படித்தானே வந்துச்சு?

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளம். பர்மாவில் பெகு தேக்குக் காடுகளுக்கு 1856-இல் பொறுப்பேற்றவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். யானை மேல் உட்கார்ந்து காட்டுக்குள் போவார். ஒரு கையில் சில மூங்கில் துண்டுகள், மறு கையில் பேனாக்கத்தி. வழியோரம் தேக்கு மரம் தென்பட்டால் அதன் பருமனுக்கு உரிய துண்டில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால் எந்தப் பருமனில் எத்தனை மரம் என்று தெரிந்துவிடும். மழையில் தாள் நனைந்து அழியும் காட்டில் மூங்கில்தான் அவருக்குக் கணக்கேடு.

அந்தக் கணக்கை வைத்து அவர் வகுத்த முறை எளிமையானது. சுற்றளவு ஆறடிக்கு மேற்பட்டவை முதல் தரம், அவை மட்டுமே வெட்டத் தகுந்தவை. அடுத்த தரத்து மரங்கள் வளர்ந்து முதல் தரமாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்து, முதல் தர மரங்களை அத்தனை பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு மட்டும். தேர்ந்த மரத்தின் அடியில் வளையமாகப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். யானை இழுத்து ஓடையில் சேர்க்க, மழை வெள்ளம் ஐராவதிக்குக் கொண்டுபோகும். சாலையும் லாரியும் காட்டுக்குள் வராத முறை அது. இந்தக் கணக்கு மதிக்கப்பட்ட வரைக்கும் காடு காடாக நின்றது. பிற்காலத்தில் ராணுவ ஆட்சியில் அந்நியச் செலாவணிக்காக அளவை மீறி வெட்டினார்கள். 2014-இல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்யும் நிலைக்கு வந்தது. முறை இருந்தால் மட்டும் போதாது, அதை மீறும் பதவிக்காரரைத் தடுக்க ஆள் வேண்டும்.

நம் பக்கத்துக் காடுகளில் இன்று அப்படி வெட்டுவதற்கே வழியில்லை. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு காலத்தில் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கை மலைச்சரிவில் சறுக்கிவிட்ட டாப்சிலிப் இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

மூங்கில் சீக்கிரம் வளருதே, அதை எவ்வளவு வேணா வெட்டலாமா?

முடியாது. கர்நாடகத்தின் தாண்டேலியில் 1950-களில் காகித ஆலை வந்தபோது, சுற்றியுள்ள காட்டு மூங்கில் என்றென்றைக்கும் போதும் என்று கணக்குக் காட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அருகில் மூங்கில் தீர்ந்து தூரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சூழலியலாளர் மாதவ் காட்கில் அங்கே ஆராய்ந்தபோது கண்ட ஒன்றை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வேன். முள்மூங்கில் புதரின் அடியில் முட்கள் பின்னிக் கிடக்கும். ஊர் மக்கள் மூங்கில் வெட்டும்போது அந்த முள்வேலிக்கு மேலே வெட்டுவார்கள். ஆலைக்கு வெட்டியவர்களோ புதர் நெருக்கமாக இருந்தால் வளராது என்று சொல்லி முள்ளைச் சுத்தமாகக் கழித்தார்கள். மழையில் முளைத்த இளங்குருத்துகள் மறைப்பில்லாமல் நின்றன. மாடும் காட்டு விலங்கும் தின்று தீர்த்தன. புதர் அதோடு முடிந்தது.

வீட்டு மூங்கில் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பாடம். இந்த ஆண்டுக் குருத்தையும் போன ஆண்டுக் கழியையும் தொடக் கூடாது. மூன்று வயது கடந்ததை மட்டும், புதரின் நடுவிலிருந்து, மழைக்காலம் முடிந்த பிறகு எடுங்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மத்திய அரசின் இந்திய வனச் சட்டம் மரமாகக் கருதுவது 2017 திருத்தத்தோடு போய்விட்டது.

மரம் நட்டா நல்லதுதானே சார், எங்க நட்டா என்ன?

இதுதான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கும் கேள்வி. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை என்கிற மலைக்காட்டுக்கு நடுவே இருந்த புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்து, வாட்டில் என்கிற அயல்நாட்டு மரமும் தைல மரமும் நட்டார்கள். பட்டை தோல் பதனிட, கட்டை கூழுக்கு. அந்தப் புல்வெளிதான் மழையைப் பஞ்சுபோல் பிடித்து ஓடைகளில் ஆண்டு முழுதும் விடுவது, வரையாடு மேய்வதும் அங்கேதான். புல் போனது, வாட்டில் தானாகப் பரவியது. இப்போது அதை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது.

கடற்கரையிலும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு சவுக்கு நடுவதற்காக மணல்மேடுகளைச் சமப்படுத்திய இடங்கள் உண்டு. அலையின் வேகத்தை முதலில் வாங்குவது மணல்மேடு. அதைப் பிடித்து வைத்திருப்பவை அடம்புக் கொடியும் ராவணன் மீசையும். மேட்டைக் கலைத்துவிட்டு மரம் நடுவது பாதுகாப்பு ஆகாது. சவுக்கு நல்ல மரம்தான், மேட்டுக்குப் பின்னால் உள்ள பட்டா நிலத்தில்.

நோட்டு அட்டையில மரமும் டிக் அடையாளமும் போட்ட முத்திரை இருக்கே, அதை நம்பலாமா?

அது எஃப்.எஸ்.சி. முத்திரை. காடும் தோப்பும் பொறுப்பாகப் பராமரிக்கப்படுகின்றனவா என்று பார்த்துச் சான்று தரும், 1993-இல் தொடங்கிய அமைப்பு. பி.இ.எஃப்.சி. என்பது இன்னொன்று, 1999-இல் வந்தது. நூறு சதவீதம் என்றால் முழுவதும் சான்று பெற்ற தோப்பு அல்லது காட்டிலிருந்து. மிக்ஸ் என்றால் சான்று பெற்றது, பழைய காகிதம், பிரச்சினையில்லாதது என்று சரிபார்த்த மரம் கலந்தது. ரீசைக்கிள்டு என்றால் பழைய காகிதம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் தேடிப் பார்க்கலாம், எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம்.

முத்திரை மரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. ஆலைக் கழிவுநீரைப் பற்றி, நிலக்கரியைப் பற்றி அது பெரிதாகப் பேசாது. இரண்டு ஏக்கர் விவசாயிக்குத் தனியாகச் சான்று வாங்கும் செலவு கட்டாது, குழுவாகச் சேர்ந்தால்தான் முடியும். ஆகவே முத்திரை இல்லாத தாள் எல்லாம் காட்டை அழித்தது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

முதுமலையில மஞ்சள் பூ மரத்தை வெட்டிப் பேப்பர் மில்லுக்கு அனுப்புறாங்களாமே. காட்டு மரத்தை ஆலைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

நல்ல கேள்வி. அந்த மரம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நம் சரக்கொன்றை அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, அடியில் புல்லோ செடியோ முளைக்க விடாமல் செய்கிறது. மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் போகிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அகற்றும் மரத்தை மேலே சொன்ன கரூர் நிறுவனம் கூழுக்கு எடுத்துக்கொள்கிறது. காட்டுக்குக் கேடான மரம் வெளியேறுகிறது, வயல் மரத்தின் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. இதை நான் ஆதரிக்கிறேன்.

இரண்டு நிபந்தனைகளோடு. இந்த மரத்தை வெறுமனே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டு துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும், பெரிய மரமானால் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடி காயவிட வேண்டும், விதையிலிருந்து வரும் நாற்றுகளைப் பல ஆண்டு தொடர்ந்து பிடுங்க வேண்டும். கூழுக்கு உதவாத சின்னத் தண்டுகளையும் நாற்றுகளையும் பிடுங்க ஆலைக்கு லாபம் இல்லை. அந்தச் செலவை வனத்துறை தன் கணக்கில் ஒதுக்கியாக வேண்டும். அடுத்தது, எடுத்த டன் கணக்கை வைத்து வேலையை அளக்கக் கூடாது. காலியான இடத்தில் நாட்டுப் புல்லும் மரக்கன்றும் வந்திருக்கின்றனவா என்று இடம் இடமாகப் பார்த்து அளக்க வேண்டும். டன்னை மட்டும் பார்த்தால், தீர வேண்டிய மரம் தீராமல் இருப்பதே யாருக்காவது லாபமாகிவிடும்.